ஊழியர் பரிந்துரைக்கு என்ன வெகுமதி தரலாம்? முதன்முறை திட்டமிடுவோருக்கு ஒரு செய்முறை

நான் முன்பு மனிதவளப் பிரிவில் பணியாற்றிய ஒரு சிங்கப்பூர்த் தளவாட நிறுவனத்தில், ஆள் சேர்த்துவிடும் ஊழியருக்கு 1,000 வெள்ளி தரப்படும் என்று உணவறைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினோம். மூன்று மாதங்களாகியும் ஒரு பெயர்கூட வரவில்லை. புதியவர் ஓராண்டு நிலைத்த பிறகே பணம் கிடைக்கும் என்பது அடியில் பொடி எழுத்தில் இருந்தது. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் காரணம் கேட்டேன். முந்தைய முறை தம் மச்சானை அனுப்பியதாகவும், எடுத்தார்களா இல்லையா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை என்பதால் வீட்டில் தாமே பதில் சொல்ல வேண்டியிருந்ததாகவும் கூறினார். தொகையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

படி 1: முதலில் கேளுங்கள்

தொகையை முடிவு செய்வதற்கு முன், வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த ஏழெட்டுப் பேரிடம், தெரிந்தவரை இங்கே வேலைக்கு அழைக்க எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். பணிநேரமும் மேலாளரின் நடத்தையுமே தடை என்று பதில் வந்தால், எந்த வெகுமதியும் அதை ஈடுகட்டாது. திட்டத்தைத் தள்ளிவைப்பதே நேர்மை.

படி 2: உச்சவரம்பைக் கணக்கிடுங்கள்

ஆண்டுச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கேட்கும் வேலைவாய்ப்பு முகவைகளும் உண்டு. மாதம் 3,000 வெள்ளி பெறும் பணிக்கு அது 7,200 வெள்ளியாகிறது. அதோடு ஒப்பிட்டால் 600 அல்லது 900 வெள்ளி நிறுவனத்துக்குச் சுமையாகாது. எளிதில் ஆள் கிடைக்காத பணிகளுக்கு மட்டும் கூடுதலாகத் தரலாம், ஆனால் அதற்கான காரணத்தை எழுத்தில் வையுங்கள். இல்லையென்றால் காப்பிக்கடைப் பேச்சாகிவிடும்.

படி 3: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊருக்குப் பணம் அனுப்பும் ஊழியருக்கு ரொக்கமே பயன்படும். குடும்பத்தோடு இங்கே வாழ்பவருக்கு ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டு வீட்டுச் செலவில் உதவும். பலர் எண்ணிப் பார்க்காதது விடுப்பு: சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம் முதலாண்டில் குறைந்தபட்சம் 7 நாள் ஆண்டு விடுப்பையே உறுதி செய்கிறது, ஆகவே, தீபாவளிக்கு மறுநாள் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு கூடுதல் நாளுக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டு வடிவங்களை வைத்து ஊழியரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அதிர்ஷ்டக் குலுக்கலை நான் பரிந்துரைக்க மாட்டேன். தம் பெயரைப் பணயம் வைத்து ஒருவரை அனுப்பியவர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது.

படி 4: எப்போது தருவது என்பதைத் தீர்மானியுங்கள்

திட்டங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். முழுத்தொகையையும் முதல் நாளிலேயே கொடுத்தால் யாரையாவது அனுப்பிவைக்கும் பழக்கம் வரும். ஓராண்டு தள்ளினால் ஊழியர் அதை மறந்துவிடுவார். 900 வெள்ளி என்றால், புதியவர் சேர்ந்த மாதச் சம்பளத்தோடு 300 வெள்ளியும், மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் 600 வெள்ளியும் கொடுங்கள். இடையில் நிறுவனமே ஆட்குறைப்பில் புதியவரை அனுப்பிவிட்டால் மீதியைத் தர வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். தர வேண்டும் என்பதே என் கருத்து, ஏனெனில் பரிந்துரைத்தவரிடம் பிழை எதுவும் இல்லை.

படி 5: சட்டத்தைச் சரிபாருங்கள்

வெகுமதி நிறுவனத்திடமிருந்து ஊழியருக்கு மட்டுமே செல்ல வேண்டும். வெளிநாட்டு ஊழியருக்கு வேலை தருவதற்கு ஈடாக அவரிடமிருந்து பணம் பெறுவது வெளிநாட்டு மனிதவள வேலைச் சட்டப்படி குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். இதை அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

ரொக்க வெகுமதி வேலை வருமானமாகவே கருதப்படுவதால், ஊழியரின் ஆண்டு வருமானத்தை வரிக்காகக் காட்டும் ஐஆர்8ஏ படிவத்தில் சேர்க்கப்பட வேண்டும். இந்த வெகுமதிக்கு மத்திய சேமநிதிச் சந்தா கட்ட வேண்டுமா என்பதற்கு, மத்திய சேமநிதிக் கழகம் வெளியிட்டுள்ள கொடுப்பனவுப் பட்டியலைப் பார்த்த பிறகே சம்பளப் பிரிவுக்கு அனுப்புங்கள். நண்பரின் தன்விவரக் குறிப்பை அவருடைய ஒப்புதலோடுதான் ஊழியர் தர வேண்டும் என்றும் விதி வையுங்கள்.

பரிந்துரையில் வந்தவர் என்பதற்காக விளம்பரக் கடமை நீங்காது. வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிகளான எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் விண்ணப்பத்துக்கு முன், பொதுவாக மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தில் 14 நாள் விளம்பரம் வெளியாகியிருக்க வேண்டும். எல்லோரும் தத்தம் இனத்தவரையே அழைத்துவந்தால் ஒரே மொழி பேசும் கூட்டமாக நிறுவனம் மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் இனம், மொழி, குடியுரிமை ஆகியவற்றைப் பாதுகாக்கப்பட்ட தன்மைகளில் சேர்த்துள்ளது. எனவே பரிந்துரை நேர்காணலுக்கான வாய்ப்பை மட்டுமே தர வேண்டும்.

படி 6: விலக்குகள்

மனிதவளப் பிரிவினருக்கும் அந்தப் பணிக்கு ஆள் தேர்வு செய்யும் மேலாளருக்கும் வெகுமதி கிடையாது.

படி 7: பதில் சொல்லும் நாளைக் குறியுங்கள்

எங்கள் இரண்டாவது அறிவிப்பில் தொகை 600 வெள்ளியாகக் குறைந்திருந்தது. ஆனால், நேர்காணல் முடிந்து ஐந்து வேலை நாளுக்குள் பரிந்துரைத்தவருக்குப் பதில் வரும் என்பதை முதல் வரியில் பெரிய எழுத்தில் போட்டோம். அந்த மாதமே நான்கு பெயர்கள் வந்தன. அவற்றில் ஒன்றை எழுதிக் கொடுத்தவர் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்தான். பதில் சொல்லும்போது முடிவை மட்டும் சொல்லுங்கள். தேர்வாகாத காரணத்தை விண்ணப்பித்தவரிடமே சொல்ல வேண்டும். மச்சானின் நேர்காணல் எப்படிப் போனது என்பது அண்ணனுக்குத் தெரிய வேண்டியதில்லை.