ரெசிடென்சி விண்ணப்பத்தை நான் திருத்திய விதம்

சோழமண்டலக் கரையின் பழைய சாயத்துணிகளைப் பற்றிய என் ஆய்வு ரெசிடென்சி (கலைஞர் ஓரிடத்தில் சில காலம் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு) விண்ணப்பத்தில் படங்கள் நிறைந்திருந்தன. ஆய்வுக் கேள்வி மட்டும் புலப்படவில்லை. ஆகவே, இயற்கைச் சாயங்களை ஆராய்வேன் என்ற பொதுவான வரியை நீக்கிவிட்டு, படிகாரம் ஏற்றிய துணியில் சிவப்பைத் தரும் சாயவேர், இரும்புக் கரைசல் பூசிய இடத்தில் ஊதாவையும் கருமையையும் நோக்கிச் செல்வது ஏன், அந்த வேறுபாட்டையே ஓவியத்தின் மொழியாக்க முடியுமா என்று கேட்டெழுதினேன். இலண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நான் பார்க்க வேண்டிய துணிகளைப் பதிவு எண்களுடன் குறிப்பிட்டேன். நான் பெற்ற பரிசுகளின் பட்டியலைவிட இந்தப் பத்திக்கே எடை அதிகம் என்பது என் கணிப்பு. செலவுக் கணக்கு அதன்பின் தானாகவே சுருங்கியது. கண்காட்சி நடத்துவதாக வாக்குறுதி தருவதற்குப் பதிலாக, தோல்வியடைந்த சோதனைகளும் அடங்கிய சாயக் குறிப்பேடு ஒன்றை அளிப்பதாக எழுதினேன். நேர்காணலில் பெரும்பாலும் அதைப் பற்றியே கேட்டார்கள்.