சளி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும்: எதற்கு இடைவெளி, எதற்கு வேண்டாம்

நெஞ்சுச்சளிக்கு ஆன்டிபயாடிக்கோடு சளியை இளக்கும் மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தால், முதல் வேலை மாத்திரை அட்டையின் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படிப்பது. கம்பெனி வைத்த பெயர் இதற்கு உதவாது. உள்ளே இருப்பது அசிட்டைல்சிஸ்டீனா, அம்ப்ராக்சாலா, புரோம்ஹெக்சினா என்று தெரிந்தால்தான் வேளை பிரிக்க முடியும்.

சளி மருந்துக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும் என்பது அசிட்டைல்சிஸ்டீனுக்கு உரியது. தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் 600 மி.கி. மாத்திரையாக இது பெரும்பாலும் வரும். இதிலுள்ள கந்தகப் பகுதிதான் சளி இழைகளின் பிணைப்பை அறுக்கிறது. சில ஆன்டிபயாடிக்குகளோடு ஒரே திரவத்தில் கலந்தால் அவற்றின் வீரியத்தையும் குறைத்துவிடுவதை ஆய்வகச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். எல்லா ஆன்டிபயாடிக்கும் அப்படிக் கெடுவதில்லை. வயிற்றுக்குள் அதே அளவு நடக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடக் காசா பணமா?

அமாக்சிசிலின் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று வேளை இருந்தால், அசிட்டைல்சிஸ்டீனை மாலை 6 மணிக்கு வையுங்கள். இரண்டு பக்கமும் நான்கு மணி நேரம் கிடைக்கும். ஆன்டிபயாடிக் காலை 8, இரவு 8 என்றால் பிற்பகல் 2 மணி சரி. படுக்கப் போகும்போது வேண்டாம், இளகிய சளி இருமலாகக் கிளம்பித் தூக்கத்தைக் கெடுக்கும். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கண்ணாடி, எவர்சில்வர் டம்ளர் எதுவும் ஆகும். செம்பு டம்ளர் ஆகாது, மருந்து செம்போடு வினைபுரியும். அழுகிய முட்டை வாடை அடித்தால் மருந்து கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், கந்தகத்தின் வாடை அது. நெபுலைசரிலும் இதையும் ஆன்டிபயாடிக்கையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றக் கூடாது.

அம்ப்ராக்சாலுக்கும் புரோம்ஹெக்சினுக்கும் இந்த இடைவெளி தேவையில்லை. அமாக்சிசிலின், செஃபுராக்சிம், எரித்ரோமைசின் போன்றவை மூச்சுக்குழாய்ச் சளிக்குள் கூடுதலாகச் சேர அம்ப்ராக்சால் உதவுகிறது. அதற்காக ஆன்டிபயாடிக்கின் அளவைக் குறைத்துவிடக் கூடாது. குடல்புண் இருந்தவர்கள் எந்தச் சளி மருந்தானாலும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் சளி மருந்து, ஆன்டிபயாடிக் இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்டுங்கள். எது காரணம் என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

நிஜமான ஆபத்து சளி மருந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு மருந்தில் இருக்கிறது. மூச்சிரைப்புக்கான தியோஃபிலினைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மூன்றும் அந்த வேலையை மந்தமாக்கும். இரத்தத்தில் தியோஃபிலின் ஏறிக்கொண்டே போய்ப் படபடப்பு, கை நடுக்கம், வாந்தி, முற்றினால் வலிப்பு வரை கொண்டுபோகும். அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை வெகு குறைவு. அட்டையில் ‘ஃபிலின்’ என்று முடியும் பெயர் எதைக் கண்டாலும், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வறட்டு இருமலுக்கென்று வீட்டில் மிச்சமிருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சிரப்பைச் சளியை இளக்கும் மருந்தோடு சேர்க்காதீர்கள். ஒன்று சளியை இளக்கி மேலே அனுப்பும், மற்றது இருமலை அடக்கும். இளகிய சளி நெஞ்சிலேயே தேங்கிவிடும்.