வறண்ட தோலுக்குக் குளிக்கும் முன் நல்லெண்ணெய்

குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு கை கால்களில் இளஞ்சூடான நல்லெண்ணெயைத் தேய்த்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் மட்டும் போதும். க்ரீம் செலவும் குறையலாம்.

வயது ஏற ஏற வாதம் (உடலில் வறட்சியும் குளிர்ச்சியும் தரும் தன்மை) கூடி, தோல் வறண்டு சுருங்குகிறது என்கிறது ஆயுர்வேதம். நெய்ப்பும் சூடும் உள்ள நல்லெண்ணெய் அதற்கு நேர் எதிர். தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெயும் வயதோடு குறைகிறது. தேய்த்த எண்ணெய் மேலே மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

வெயிலில் கன்றிச் சிவந்த தோலுக்கு இது வேண்டவே வேண்டாம். ஆயுர்வேதப்படி அது பித்தம், அதாவது உடலின் சூட்டுத் தன்மை; அதற்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணிதான் சரி. காய்ச்சல், அஜீரணம் இருக்கும் நாளிலும் தவிருங்கள். அப்புறம், எண்ணெய் வெயிலைத் தடுக்காது, குடையோ சன்ஸ்கிரீனோ அவசியம். முதியவர்களுக்கு உள்ளங்காலில் தடவாதீர்கள், குளியலறையில் வழுக்கும்.