டைவ் வாட்ச் பெசல்: புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்பு

டைவிங் கத்துக்க வர்ற பசங்க கையில இப்பல்லாம் அருமையான வாட்ச் இருக்கு. ஆனா அதோட பெசலை, அதாவது கண்ணாடியைச் சுத்தி இருக்கிற நம்பர் போட்ட வளையத்தை, படகுல உக்காந்து டிக் டிக்னு திருப்பி விளையாடுறதோட சரி, தண்ணிக்குள்ள நாங்க கத்துக்கிட்ட காலத்துல பண்ணின அதே தப்புகளைத்தான் பண்றாங்க, ஒண்ணுகூட மாறல. ஆழத்தையும் நேரத்தையும் தானா காட்டுற டைவ் கம்ப்யூட்டர் இருக்கே, இது எதுக்குன்னு கேப்பீங்க. கம்ப்யூட்டர் நடுவுல செத்துப்போச்சுன்னா எவ்ளோ நேரமா உள்ள இருக்கோம்னு சொல்ல வேற ஆள் கிடையாது.

பெசல்ல இருக்கிற முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரா வைக்கணும், அப்புறம் முள் நகர நகர பெசல்ல எந்த நம்பருக்கு நேரா நிக்குதோ அதுதான் ஆன நிமிஷம். மணி முள்ளுக்கு வைக்கிறவங்களுக்கு இது ஒரு தடவை சொன்னா போதும், அதனால அதை விடுறேன்.

அடிக்குப் போயிட்டு திருப்புறது

இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்க மாட்டேங்குது. அந்தமான் ஹேவ்லாக்ல, அதாவது இப்போ ஸ்வராஜ் தீவுல, ஜானீஸ் கார்ஜ்னு ஒரு இடம், கிட்டத்தட்ட 30 மீட்டர் ஆழம். கூட வந்த சென்னைத் தம்பிக்கு காது அடைச்சுக்கிச்சு, கயித்தைப் பிடிச்சு நின்னு நின்னு இறங்கினதுல அடிக்குப் போகவே 5 நிமிஷம் ஆயிடுச்சு, போனதும் நிதானமா ஃபின்ஸை சரிபண்ணிட்டு அப்பத்தான் பெசலைத் திருப்புறார். அவர் பெசல் 17 காட்டுறப்போ உண்மையில 22 ஆயிருச்சு. பேடிங்கிற டைவிங் பயிற்சி அமைப்போட டேபிள்ல 30 மீட்டருக்கு நோ-டிகோ லிமிட்டே, அதாவது வழியில கட்டாயமா நின்னு நின்னு வராம நேரா மேல வரலாம்ங்கிற நேரமே, 20 நிமிஷம்தான். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி மேல கூட்டிட்டு வந்தேன், படகுல ஏறினதும் "அண்ணே, இன்னும் மூணு நிமிஷம் இருந்துச்சே, ஏன் கூப்டீங்க"ன்னு கேக்குறார்.

டேபிள்ல போட்டிருக்கிற பாட்டம் டைம்னா அடியில இருக்கிற நேரம்னு நினைச்சுக்கிறாங்க, அங்கதான் வினையே. தண்ணி மட்டத்தை விட்டு இறங்க ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து, நேரா மேல வர கிளம்புற நிமிஷம் வரைக்கும் எல்லாமே அதுல சேரும். டேபிளை அப்படி எண்ணித்தான் போட்டிருக்காங்க, நீங்க வேற இடத்துல இருந்து எண்ணினா அந்த டேபிள் உங்களுக்கு உதவாது.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா, பெசலை யோசிச்சு செஞ்சவங்க மத்த எல்லா தப்புக்கும் வழி பண்ணி வச்சிருக்காங்க. 1953ல ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வாட்சைக் கொண்டுவந்த பிளாங்பேன் கம்பெனி தலைவர் ஃபியெஷ்டரே டைவர்தான், தண்ணிக்குள்ள நேரம் போனது தெரியாம காத்து தீர்ந்து மாட்டினவர், அதனாலதான் பெசல் தானா நகர்ந்திடாம நிக்கிறதுக்கு அவ்ளோ மெனக்கெட்டார். இப்போ டைவ் வாட்ச் பெசல் இடப்பக்கமா மட்டும்தான் சுத்தும். பாறையில இடிச்சு நகர்ந்தாலும் ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், நீங்க சீக்கிரமா மேல வந்துடுவீங்க, அவ்ளோதான் நஷ்டம். ஆனா லேட்டா திருப்பினா குறைச்சுக் காட்டும், அதுல இருந்து உங்களை எந்த கிளிக்கும் காப்பாத்தாது.

அதனால தண்ணி மேல மிதந்துட்டு, கூட வர்றவருக்கு ஓகே காட்டிட்டு, மிதக்க வைக்கிற ஜாக்கெட்ல இருந்து காத்தை விடுறதுக்கு முன்னாடி திருப்புங்க. அவசரத்துல ஒரு கிளிக் தாண்டிப் போச்சா, விட்டுடுங்க, கூடத்தான் காட்டும்.

படகுலயே வச்சுட்டு வர்றது

இது நேர் எதிர். படகுலயே திருப்பி வச்சிட்டு, ஒருத்தர் மாஸ்க்கைத் தேடி, இன்னொருத்தர் வெயிட் பெல்ட்டை மாட்டி முடிக்கிறதுக்குள்ள 10 நிமிஷம் ஓடிடும். பின்னாடி திருப்ப முடியாது, கிட்டத்தட்ட முழு சுத்து சுத்தணும், ஒரு சுத்துக்கு 120 கிளிக் இருக்கிற பெசல்னா 100 கிளிக். சோம்பல்பட்டு "பத்து கழிச்சுக்கலாம்"னு இறங்குறாங்க. 30 மீட்டர்ல நைட்ரஜன் தலைக்கு ஏறி மந்தமா இருக்கிறப்போ கழித்தல் கணக்கெல்லாம் வேண்டாம், சுத்திடுங்க.

சேஃப்டி ஸ்டாப்புக்காக மறுபடி திருப்புறது

மேல வர்ற வழியில பாதுகாப்புக்காக 5 மீட்டர்ல நின்னு 3 நிமிஷம் எண்ணுறதுக்காக பெசலைத் திருப்பிட்டா, பாட்டம் டைம் எவ்ளோன்னு அப்புறம் எங்க பார்ப்பீங்க? அடுத்த டைவ் கணக்குக்கு அதுதான் வேணும். முதல்ல தண்ணிக்குள்ள எழுதுற ஸ்லேட்ல எழுதிக்கோங்க. இல்லன்னா பெசலைத் தொடாம, முள் இப்போ நிக்கிற நம்பரோட மூணைக் கூட்டி மனசுல வச்சுக்கோங்க.

60 தாண்டுறது

பெசல் 5 காட்டினா அது 65ஆகவும் இருக்கலாம். ஆழம் கம்மியான நீள டைவ்ல மணி முள்ளையும் பாருங்க.

பெசல் இருந்தா டைவ் வாட்ச்னு நம்புறது

இல்லீங்க. 2019ல வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பார்க்க அச்சு அசல் அதே கம்பெனியோட பழைய எஸ்கேஎக்ஸ் டைவ் வாட்ச் மாதிரியே இருக்கும், ஆனா கிரவுன், அதாவது முள்ளைத் திருப்புற பக்கத்துக் குமிழ், திருகி மூடுற வகை கிடையாது, 100 மீட்டர்னு போட்டிருந்தாலும் டைவ் வாட்சுக்குன்னு இருக்கிற ஐஎஸ்ஓ 6425 தரத்துல வர்ற வாட்ச் இல்ல. வாங்குறப்போ "டைவர்ஸ்"னு எழுதியிருக்கான்னு பாருங்க.

இறுகிப் போன பெசலை கத்தி வச்சு நெம்புறது

உள்ள உப்பும் மணலும்தான் இருக்கும். கிரவுனை நல்லா மூடிட்டு வெதுவெதுப்பான நல்ல தண்ணியில கொஞ்ச நேரம் ஊறப் போடுங்க, தண்ணிக்குள்ளயே மெல்ல திருப்புங்க, பழைய டூத் பிரஷ்ஷால ஓரத்தைத் தேய்ங்க. அப்பவும் அசையலன்னா வாட்ச் கடைக்காரர்கிட்ட குடுத்துடுங்க.