பெரிய எண் 7, 11, 13 ஆல் வகுபடுமா? ஒரே கணக்கில் பார்க்கலாம்

எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரியுங்கள். கடைசித் தொகுதியில் தொடங்கி, ஒன்றைக் கழித்து அடுத்ததைக் கூட்டி என மாறி மாறிப் போங்கள். வரும் சிறிய எண் 7, 11, 13 இவற்றில் எதனால் வகுபடுகிறதோ, அதனால் பெரிய எண்ணும் வகுபடும்.

58473921ஐப் பாருங்கள். 921 − 473 + 58 = 506. இது 11 × 46. ஆகவே மூல எண் 11 ஆல் வகுபடும். 506ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 2, 13 ஆல் வகுத்தால் 12. பெரிய எண்ணுக்கும் அதே மீதிகள்தான், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்!

காரணம், 7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது 1001ஐ விட ஒன்று குறைவு என்பதால், இந்த வகுத்தலில் அது −1 போலவும் பத்து லட்சம் +1 போலவும் நடந்துகொள்கிறது. 364364 போல மூன்று இலக்கங்கள் அப்படியே இரண்டு முறை வந்தால் விடை 0, அது 7, 11, 13 மூன்றாலும் வகுபடும்.

லட்சம், கோடி என்று காற்புள்ளி போட்டிருந்தால் அதைப் பின்பற்றக் கூடாது, மூன்று மூன்றாகத்தான் பிரிக்க வேண்டும். விடை குறை எண்ணாக வந்தால், வகுபடுமா என்று பார்க்க மட்டும் குறியை விட்டுவிடலாம். மீதி வேண்டுமென்றால் முதலில் குறைக்குறி போகும்வரை 1001ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 17, 19 போன்றவற்றுக்கு இது உதவாது. அப்புறம், ஓர் எண் 7, 11, 13 இவற்றில் எதனாலும் வகுபடவில்லை என்பதற்காக அதைப் பகா எண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.