புது டிஎம்களுக்கு: சண்டையை எடை போட்டு அமைப்பது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, கதாபாத்திரம் எடுத்து மேசையில் ஆடும் விளையாட்டில் புதிதாக டிஎம் (டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் அரக்கர்களையும் நடத்துபவர்) ஆகிறவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. பார்த்துப் பார்த்து வைத்த அரக்கன் ஒரே ரவுண்டில் (எல்லோரும் ஒரு தடவை செயல்படும் சுற்று) செத்துப்போவது ஒன்று, முதல் சண்டையிலேயே குழு மொத்தமும் சாய்ந்துவிடுவது இன்னொன்று. புத்தகத்தில் சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கன் எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்) போட்டிருக்கிறதே என்று அதை மட்டும் நம்பிப் போனால் இரண்டுமே நடக்கும். அந்த எண் ஒரு ஆரம்பம்தான். ஒரு ரவுண்டில் யார் எத்தனை தடவை அடிக்கிறார்கள், எந்தப் பக்கம் எத்தனை ரவுண்டு தாங்கும் என்று நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்தால்தான் சண்டை எப்படிப் போகும் என்பது பிடிபடும். பத்து நிமிஷ வேலை, கூட்டல் பெருக்கல் போதும்.

உதாரணங்களை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலிருந்து, 2014இல் வந்த விதிகளின்படி எடுத்திருக்கிறேன். நீங்கள் வேறு விளையாட்டு ஆடினாலும் முறை இதேதான், எண்கள்தான் மாறும்.

படி 1: உங்கள் குழுவை எழுதிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் நான்கு விஷயம் வேண்டும்: எச்பி (உயிர்ப் புள்ளி), ஏசி (தற்காப்பு எண், அடி விழ இதை எட்ட வேண்டும்), அட்டாக் போனஸ் (அடிக்கும்போது பகடையோடு கூட்டும் எண்), ஒரு தடவை அடி விழுந்தால் சராசரி டேமேஜ் (எதிரி இழக்கும் எச்பி). முதல் லெவல் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபைட்டருக்கு எச்பி 12, ஏசி 16. கிளெரிக்குக்கு (பூசாரி) 10, ஏசி 16. ரோகுக்கு (திருடன்) 10, ஏசி 14. விசார்டுக்கு (மந்திரவாதி) 8, ஏசி 12. மொத்தம் 40 எச்பி. டேமேஜ் பக்கம் பார்த்தால் ஃபைட்டரின் வாள் 7.5, ஸ்னீக் அட்டாக்கோடு (சமயம் பார்த்து அடிக்கும் கூடுதல் அடி) ரோகின் வில் 10, விசார்டின் ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் 5.5, கிளெரிக் 4.5 என்று வைத்தால், எல்லாமே விழுந்தால் ரவுண்டுக்கு 27.5.

எல்லாமே விழாது, அதனால் அடி விழும் வாய்ப்பையும் சேர்க்க வேண்டும். எதிரியின் ஏசியிலிருந்து உங்கள் போனஸைக் கழித்தால் இருபது பக்கப் பகடையில் குறைந்தது எவ்வளவு விழவேண்டும் என்று தெரியும். அதை 21இலிருந்து கழித்து, வருவதை 5ஆல் பெருக்கினால் சதவீதம். +5 போனஸோடு ஏசி 15ஐ அடிக்க 10 வேண்டும், அப்படியானால் 55 சதவீதம். (கிளெரிக்கின் ஸ்பெல்லுக்கு, அதாவது மந்திரத்துக்கு, எதிரிதான் பகடை உருட்டுவான். கணக்குக்கு அதையும் இதே சதவீதமாக எடுத்துக்கொண்டால் பெரிய வித்தியாசம் வராது.)

படி 2: புத்தகத்தின் பட்ஜெட்டைப் பாருங்கள்

சண்டை எவ்வளவு கடினம் என்பதை அரக்கர்களின் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) மொத்தத்தை வைத்துப் புத்தகம் அளக்கிறது. 2014 விதிகளில் முதல் லெவலில் ஆளுக்கு எளிதுக்கு 25 எக்ஸ்பி, நடுத்தரம் 50, கடினம் 75, ஆபத்து 100. நான்கு பேருக்கு 100, 200, 300, 400. கோப்ளின் (குட்டி அரக்கன்) ஒன்றுக்கு 50 எக்ஸ்பி. நான்கு கோப்ளின் என்றால் 200 என்று நினைப்பீர்கள், ஆனால் எதிரிகள் 3 முதல் 6 வரை இருந்தால் இரண்டால் பெருக்கச் சொல்கிறது விதி, ஆக 400. இரண்டு எதிரி என்றால் ஒன்றரை மடங்கு, 7 முதல் 10 வரை இரண்டரை மடங்கு.

2024இல் வந்த டிஎம் புத்தகம் இந்தப் பெருக்கலைத் தூக்கிவிட்டு, குறைவு, மிதம், அதிகம் என்று மூன்றே நிலை வைத்தது. முதல் லெவலுக்கு ஆளுக்கு 50, 75, 100. அதே நான்கு கோப்ளின்கள் பழைய கணக்கில் 'ஆபத்து', புதிய கணக்கில் 'குறைவு'! இதை வைத்து எந்தப் புத்தகம் சரி என்று சண்டை போடத் தேவையில்லை. பட்ஜெட் சொல்வது ஒரு ஊகம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: இரண்டு பக்கமும் எத்தனை ரவுண்டு தாங்கும்?

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதை மட்டும் அவசரமாகத் தாண்டாதீர்கள்.

கோப்ளினுக்கு எச்பி 7, ஏசி 15. நம் குழு 27.5இல் 55 சதவீதம், அதாவது ரவுண்டுக்குச் சுமார் 15 டேமேஜ் போடும், ஏறக்குறைய இரண்டு கோப்ளின் சாகும். கோப்ளினின் அட்டாக் +4, டேமேஜ் சராசரி 5.5, பாதிக்குப் பாதி விழும் என்று வைத்தால் நான்கும் சேர்ந்து முதல் ரவுண்டில் 11, அடுத்த ரவுண்டில் மிச்சமிருக்கும் இரண்டும் 5, 6. குழு இழப்பது 40இல் சுமார் 17. இரண்டு மூன்று ரவுண்டில் முடியும் நல்ல சண்டை. முதல் சண்டைக்கு நான் சிபாரிசு செய்வது இந்த மாதிரிதான்.

இப்போது அதே குழுவுக்கு முன்னால் ஒரு ஓகரை (பெரிய ராட்சதன்) நிறுத்துவோம். எச்பி 59, ஏசி 11, அட்டாக் +6, டேமேஜ் சராசரி 13. குழுவுக்கு 75 சதவீதம் அடி விழும், ரவுண்டுக்கு 20க்கு மேல், அதனால் மூன்று ரவுண்டில் ஓகர் காலி. ஓகர் அந்த மூன்று ரவுண்டில் மூன்றே தடவைதான் அடிக்கும், எல்லாமே விழுந்தாலும் 39. மொத்தக் கணக்கில் கோப்ளின் சண்டையைவிடக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் 13 என்பது இந்தக் குழுவில் யாருடைய எச்பியையும் விட அதிகம். சராசரி அடி யார் மேல் விழுந்தாலும் ஒரே அடியில் ஆள் கீழே. விசார்டு இன்னும் மோசம்: எச்பி பூஜ்யமான பிறகும் மிஞ்சும் டேமேஜ் முழு எச்பி அளவுக்கு இருந்தால் உடனடி மரணம் என்பது விதி, அதாவது 16 விழுந்தாலே போதும், ஓகரின் அடி விழும்போது ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை அது விழும். டெத் சேவ் (கீழே விழுந்தவர் உயிர் பிழைக்க உருட்டும் பகடை) கூடக் கிடையாது. ஒருவர் ஆசையாக எழுதிக்கொண்டுவந்த கதாபாத்திரம், அவர் இன்னும் ஒரு முடிவுகூட எடுக்காத நிலையில் போய்விடும்.

அதனால் மொத்தம் போட்டு முடித்ததும் தனியாக ஒரு வரி எழுதுங்கள்: எதிரியின் மிகப் பெரிய அடி, நம் குழுவில் மிகக் குறைந்த எச்பி. முதல் இரண்டு லெவல்களில் பட்ஜெட்டைவிட நான் நம்புவது இந்த வரியைத்தான்.

படி 4: டர்ன்களை எண்ணுங்கள்

ஒற்றை அரக்கன் நான்கு பேருக்கு எதிரே நின்றால் ஒரு ரவுண்டில் அவனுக்கு ஒரு டர்ன் (செயல்படும் முறை), குழுவுக்கு நான்கு. அவன் ஒரு ரவுண்டு தூங்கிப்போனால் சண்டையே முடிந்தது. பெரிய அரக்கர்களுக்கு லெஜண்டரி ஆக்ஷன் கொடுத்திருப்பது இதை ஈடுகட்டத்தான், மற்றவர்கள் டர்ன் முடிந்ததும் இடையில் புகுந்து அடிப்பார்கள். அது இல்லாத தலைவனுக்கு இரண்டு மூன்று அடியாட்களைச் சேர்த்துவிடுங்கள், அவன் எச்பியைக் கூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். எச்பியைக் கூட்டினால் சண்டை நீளும், சுவாரசியம் கூடாது.

நேர்மாறாகவும் யோசிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டமாக வந்தால் ஒவ்வொருவரும் பலவீனமாக இருந்தாலும் எல்லோரும் விசார்டையே குறிவைத்தால் கதை முடிந்தது. ஆளுக்கு இரண்டு எதிரிக்கு மேல் வைக்கும்போது மறுபடி ஒருமுறை படி 3க்குப் போய்வாருங்கள்.

படி 5: எண்ணில் தெரியாததைத் தேடுங்கள்

அரக்கனின் பக்கத்தை முழுசாகப் படியுங்கள், குறிப்பாக அடி விழுந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்லும் வரிகளை. ஓநாய்க்கு எச்பி 11தான், ஆனால் பக்கத்தில் கூட்டாளி இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும், கடித்தால் கீழேயும் தள்ளிவிடலாம். ஷேடோ என்ற நிழல் பிசாசின் ரேட்டிங் வெறும் அரை. அது தொட்டால் ஸ்ட்ரெங்த் (உடல் வலுவைக் குறிக்கும் எண்) நான்கு பக்கப் பகடை அளவுக்குக் குறையும், பூஜ்யமானால் மரணம். ஸ்ட்ரெங்த் 8 வைத்திருக்கும் விசார்டுக்கு இரண்டு மூன்று ஷேடோ என்பது எமன். கூல் என்ற பிணந்தின்னிப் பேய் நகத்தால் கீறினால் உடம்பு மரத்துப்போகலாம், அந்த ஆட்டக்காரர் தன் டர்ன்களை இழந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இடமும் இதில் சேர்த்தி. வில்லோடு மேட்டில் ஒளிந்து நிற்கும் நான்கு கோப்ளின்களும், குறுகலான வாசல் வழியே ஒவ்வொன்றாக வரும் நான்கு கோப்ளின்களும் ஒரே சண்டை கிடையாது.

படி 6: அன்றைக்கு எத்தனையாவது சண்டை?

2014 புத்தகம் ஒரு குழு ஒரு நாளைக்கு 6 முதல் 8 சண்டை வரை தாங்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. பெரும்பாலான மேசைகளில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் நடக்கிறது. லாங் ரெஸ்ட் (எச்பியும் ஸ்பெல்லும் திரும்பக் கிடைக்கும் நீண்ட ஓய்வு) எடுத்துவிட்டு வரும் குழு கைவசமுள்ள ஸ்பெல் எல்லாவற்றையும் அந்த ஒரே சண்டையில் கொட்டிவிடும், 'கடினம்' என்று நீங்கள் போட்டது ஊதித்தள்ளும் விஷயமாகிவிடும். ஒரே சண்டைதான் என்றால், மூன்றாம் லெவலுக்கு மேல் கொஞ்சம் தாராளமாகவே ஏற்றலாம். முதல் லெவலில் வேண்டாம்.

படி 7: மேசையில் திருத்த வழி வைத்துக்கொள்ளுங்கள்

எவ்வளவு கணக்குப் போட்டாலும் பகடை தன் இஷ்டத்துக்கு விழும். அதற்காகத் திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்வது எனக்குப் பிடிக்காது, தங்கள் முடிவுகளுக்கு அர்த்தமில்லை என்று ஆட்டக்காரர்களுக்கு ஒருநாள் தெரிந்துவிடும். பகடையைத் தொடாமல், அரக்கர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மாற்றுங்கள். எதிரிகளை இரண்டு அலையாகப் பிரித்து, இரண்டாவது அலை எப்போது வரும் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள், உதாரணமாக, ஒரு கோப்ளின் ஓடிப்போய்க் கொம்பு ஊதினால் மட்டும். குழு அதைத் தடுத்தால் அது அவர்களுடைய வெற்றி.

அப்புறம், அரக்கர்கள் சாகும்வரை சண்டை போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1981இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் தொகுப்பில் இதற்கென்றே மொரேல் (மன உறுதி) என்ற விதி இருந்தது: முதல் ஆள் சாகும்போதும் பாதிப் பேர் விழுந்த பிறகும் இரண்டு ஆறு பக்கப் பகடை உருட்டி, அந்த அரக்கனின் மொரேல் எண்ணைவிட அதிகம் விழுந்தால் அவர்கள் ஓடிவிடுவார்கள் அல்லது சரணடைவார்கள். இதை அப்படியே எடுத்து எந்த விளையாட்டிலும் போடலாம். குழு ஓடுவதற்கும் வழி இருக்கட்டும், ஒரு கதவு, ஒரு ஆறு, பேரம் பேசத் தயாராக இருக்கும் ஒரு தலைவன். புது ஆட்டக்காரர்களுக்கு ஓடலாம் என்பதே தோன்றாது, அதனால் "இங்கிருந்து தப்பிக்கவும் முடியும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 8: முடிந்ததும் குறித்துவையுங்கள்

எத்தனை ரவுண்டு ஓடியது, யார் கீழே விழுந்தார்கள், எத்தனை ஸ்பெல் மிச்சம் இருந்தது. மூன்று வரி போதும். படி 3இல் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு ரவுண்டு என்று நினைத்தது ஐந்து ஓடியிருந்தால் ஏசியையோ எச்பியையோ குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். அடுத்த சண்டையில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். எதிரிகளின் எண்ணிக்கையை மாற்றினால் இடத்தை அப்படியே விடுங்கள், இடத்தை மாற்றினால் எண்ணிக்கையைத் தொடாதீர்கள், இல்லாவிட்டால் எதனால் வித்தியாசம் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.