திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) முன்: குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்த மறுநாளே செல்போனில் பெயர்ப் பட்டியல்கள் வந்து குவிந்தன. எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து. கேட்க இனிமைதான், ஆனால் நாளைக்குப் பிள்ளை ‘எனக்கு ஏன் இந்தப் பேரு?’ என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அத்தையான என் தலையில் பொறுப்பு விழுந்தது. கொடைக்கானலில் எங்கள் வீட்டில் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களுக்கும் பெரும்பாலும் இதே வழி உதவும்.

முதல் படி: வீட்டுப் பெயர்களை எழுதுங்கள்

ஒரு நோட்டோடு பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் கேளுங்கள். பெயரோடு, அது வந்த காரணத்தையும் எழுதுங்கள். என் அம்மாச்சி பெயர் அமலோற்பவம். டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளில் பிறந்தவர் என்பது நோட்டில் எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த வரியில் சலேத்மேரி என்று ஒரு பெயர். 1846-இல் பிரான்சின் லா சலேத் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்தார். அந்த மாதாவுக்கு நம் மலையில் 1866-இல் கோயில் எழும்பியது. ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மேடேறிப் போகிறவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் கொஞ்சம் விழிப்பார்கள், பரவாயில்லை. பெயரைச் சொன்னாலே எந்த மலைப் பிள்ளை என்று தெரிந்துவிடும். எனக்கு அது பெருமை.

இரண்டாம் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

மார்ச் 19 சூசையப்பர், ஜூன் 13 அந்தோணியார், செப்டம்பர் 8 ஆரோக்கிய மாதா, டிசம்பர் 3 சவேரியார். பிறந்த நாள் பொருந்தினால் நல்லது, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். புனிதர் பெயர்தான் வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் இன்று கட்டாயப்படுத்துவதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதே விதி.

மூன்றாம் படி: விவிலியத்தில் அந்த இடத்தைப் படியுங்கள்

நிறையப் பேர் அவசரப்படுவது இங்கேதான். ‘மாரா’ என்ற ஓசை பிடித்துப்போய் நாங்களும் குறித்து வைத்திருந்தோம். கணவரையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. கசப்பு என்று பொருள். ரூத்து முதல் அதிகாரத்தை வாசித்ததும் தம்பி மனைவியே பேனாவை வாங்கி அடித்துவிட்டாள்.

யாபேசு வேறு மாதிரி. வேதனையோடு பெற்றதால் தாய் வைத்த பெயர் (1 குறிப்பேடு 4:9). அந்த வசனத்தோடு நிறுத்தினால் வேண்டாம் என்றுதான் தோன்றும். அடுத்த வசனத்தில் அவர் மன்றாடுகிறார், கடவுள் கேட்டதைக் கொடுக்கிறார். இரண்டையும் படித்துவிட்டுத் தாராளமாக வையுங்கள்.

பொருள் தெரிந்தால் தமிழ்ப் பெயர்களும் புதிதாகத் தெரியும். யோவான் என்றால் ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’. அதனால்தான் முன்னோர் அவரை அருளப்பர் என்றார்கள். நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது, இலாசர் என்ற பெயரே தேவசகாயம் என்று வழங்கியது. இலாசர் என்றால் ‘கடவுள் உதவினார்’. 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அருள், சகாயம், ஆரோக்கியம் எல்லாம் பழைய பெயர் என்று தயவுசெய்து ஒதுக்காதீர்கள். அமலோற்பவம் நீளமா? அமலா என்று வையுங்கள். நாங்கள் அதைத்தான் வைத்தோம்.

நான்காம் படி: கூப்பிட்டுப் பாருங்கள்

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேகம் இறங்கிவிட்டால் கீழ்த் தோட்டத்தில் நிற்கும் ஆள் தெரியாது, குரல்தான் போகும். வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டோம். சில பெயர்கள் வேலியைத் தாண்டவில்லை. ‘அமலா...’ என்று நீட்டியதும் கீழேயிருந்து தம்பி ‘ஓ, கேக்குது!’ என்றான்.

ஐந்தாம் படி: எழுத்தில் கவனம்

பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். பெயர் முடிவாகாவிட்டாலும் பதியலாம். 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. ஆங்கில எழுத்துகளை ஒரே தாளில் எழுதி, பதிவாளரிடமும் பங்கு (கோயில்) அலுவலகத்திலும் அதையே காட்டுங்கள். என் திருமுழுக்குச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்து, கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் (கோயிலில் திருமண அறிவிப்புச் செய்யும்) நேரத்தில் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

திருமுழுக்கு அன்று சாமியார் பெற்றோரிடம் முதலில் கேட்பது, ‘குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?’ என்பதுதான். வீட்டில் செல்லப்பெயரே பழகியிருக்கும், முழுப்பெயர் சட்டென்று வாயில் வராது. முதல் நாள் இரவே இருவரும் சேர்ந்து இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். திருமுழுக்கில் குழந்தைக்குத் துணை நிற்கும் ஞானத்தாய் கையிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.